பல ஆண்டு கொட்டகையில் நின்ற வீல் ஹார்ஸ்: சீஸ் ஆன (உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்ட) கோலர் கே301 எஞ்சினை உடைக்காமல் விடுவிப்பது எப்படி?

மேப்பிள்நிழல் (மிச்சிகன்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற இலையுதிர் காலத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறக் கொட்டகையில், முன்பு குடியிருந்தவர் எடுத்துச்செல்லாமல் விட்டுப்போன ஒரு தோட்ட டிராக்டர் இருந்தது. இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் 1960களின் கடைசியில் செய்யப்பட்ட சிவப்பு நிற வீல் ஹார்ஸ் அது. அதில் 12 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் கோலர் கே301 எஞ்சின் பொருத்தப்பட்டிருக்கிறது. டயர்களில் காற்றடித்து, கியரை நடுநிலையில் வைத்துத் தள்ளினால் வண்டி நகர்கிறது. பனி தள்ளும் வேலைக்கு இதைப் பயன்படுத்த ஆசை. ஆனால் எஞ்சின்தான் இம்மியும் அசையவில்லை. எஞ்சின் தண்டின் முனையிலுள்ள கனச் சக்கரமான ஃப்ளைவீலை இரண்டு கைகளாலும் பற்றித் திருப்பிப் பார்த்தேன். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது அதன் முனை முழுவதும் செந்துருவாக இருந்தது. அந்தத் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயைக் கால் குவளை அளவு ஊற்றினேன். மறுநாள் காலையில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் உள்ளே சொட்டுக்கூட இல்லை. துரு குடித்துவிட்டது என்று மகிழ்ந்து மீண்டும் ஊற்றினேன், அதுவும் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் சைலன்சர் பொருந்தியிருக்கும் இடத்துக்கு நேர்கீழே தரையில் எண்ணெய் படர்ந்திருப்பதைக் கண்டேன். சைலன்சரின் வாய் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது, கொட்டகைக் கூரையும் அந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். கியரைப் போட்டுவிட்டுத் தம்முடைய பிக்கப் வண்டியில் கட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் எஞ்சின் விட்டுக்கொடுத்துவிடும் என்கிறார். என்னிடம் சாக்கெட் ஸ்பானர் தொகுப்பும் ஒரு டார்க் ரெஞ்சும் மட்டுமே உள்ளன. அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் டிராக்டர் இருந்தது என்றாலும், நான் அதன் இருக்கையில் உட்கார்ந்ததைத் தவிர வேறு எதுவும் கற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தயவுசெய்து வழிகாட்டுங்கள்.


பழைய இரும்பு (ஒன்டாரியோ):

வணக்கம் தம்பி. முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி, கயிற்றை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். இந்த வண்டியில் எஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் பெல்ட் வழியாகவே விசை போகிறது. இழுக்கும்போது பெல்ட் வழுக்கினால் உங்களுக்கு நல்ல காலம். வழுக்காமல் பிடித்துக்கொண்டால், அந்த வெட்டு இழுப்பு முழுவதும் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும், அலுமினியத்தால் செய்த கனெக்டிங் ராடின் மேல்தான் போய் விழும். பிஸ்டனைச் சுற்றியுள்ள துருப்பிடித்த ரிங்கைவிட (வளையத்தைவிட) அந்த ராட் முதலில் உடையும்.

நீங்கள் ஊற்றிய எண்ணெய் காணாமல் போனதை நட்டமாக நினைக்க வேண்டாம், பாதி நோயை அது சொல்லிவிட்டது. கே301 பக்கவாட்டு வால்வு எஞ்சின். வால்வுகள் ஹெட்டில் தொங்குவதில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் வார்ப்புக்குள்ளேயே மேல்நோக்கி நிற்கின்றன, ஹெட் என்பது வெறும் மூடிதான். எண்ணெய் சைலன்சர் வழியே இறங்கியதென்றால், எஞ்சின் கடைசியாக நின்றபோது புகை வெளியேறும் வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டது என்று பொருள். கூரையிலிருந்து சைலன்சருக்குள் ஒழுகிய மழைநீரும் அதே வாசல் வழியாகத்தான் சிலிண்டருக்குள் போயிருக்கும். ஆகவே இனிப் பிளக் துளை வழியே எவ்வளவு ஊற்றினாலும் பெரும்பகுதி தரைக்குத்தான் போகும். ஹெட்டைக் கழற்றாமல் வேலை நடக்காது.

அதற்கு முன் இன்னொன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பிடித்துக்கொண்டிருப்பது உண்மையிலேயே பிஸ்டன்தானா? ஓட்டும் பெல்ட், புல்வெட்டும் தட்டுக்குப் போகும் பெல்ட், ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரின் (எஞ்சினைத் தொடக்கி, பிறகு மின்சாரமும் தரும் கருவி) பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரின் பேரிங் இறுகிப்போனதற்கு எஞ்சினைப் பிரித்துப்போட்டு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெல்ட்டுகள் இல்லாமலும் திரும்பவில்லை என்றால், ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். நாலைந்து டிகிரி தாராளமாக ஆடி, இரண்டு முனையிலும் ‘டக்’கென்று உலோகம் உலோகத்தில் மோதி நின்றால், அது துரு அல்ல, உள்ளே ஏதோ உடைந்து சிக்கியிருக்கிறது. பிற்காலத்துக் கே301 சிலவற்றில் அதிர்வைக் குறைப்பதற்காகக் கிராங்க் அறைக்குள் சமநிலைப் பல்சக்கரங்கள் வைத்தார்கள். அவை உடைந்தால் இப்படித்தான் சிக்கும். அணுவளவும் ஆட்டமில்லாமல் இறுகி நின்றால் அது துரு, நமக்கு வேண்டியதும் அதுவே.

எண்ணெய் அளக்கும் குச்சியையும் பாருங்கள். அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற வில்லியர்ஸ் எஞ்சின்களோடு வளர்ந்தவன். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் மாதக்கணக்காக நின்றுபோன பம்புகள் பல இப்படித்தான் பிடித்துக்கொண்டன; அவற்றில் பாதியை ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்தே கெடுத்தோம். அந்தப் பிழையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.


லேத்_பட்டறை (கோயம்புத்தூர்):

முன்னவர் சொன்னதில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டியவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

ஹெட் போல்ட்டுகளைத் திருகுவதற்கு முந்தைய நாளே ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். கழற்றும்போது ஒன்று கிறீச்சிட்டால் அதே திசையில் வலுவைக் கூட்டாமல், கால் சுற்று இறுக்கி, மீண்டும் தளர்த்தி, அப்படியே மாற்றி மாற்றி வெளியே கொண்டுவர வேண்டும். வார்ப்புக்குள் முறிந்த போல்ட்டை எடுப்பது சீஸ் ஆன பிஸ்டனை எடுப்பதைவிடக் கடினமான வேலை. பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. மிக உச்சியிலோ மிக அடியிலோ நின்றால், கிராங்கும் ராடும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்த நிலையில் பிஸ்டனின் தலையில் எவ்வளவு தட்டினாலும் கிராங்க் சுழலாது. அடி முழுவதும் ராடையும் பேரிங் பரப்பையும் நசுக்கும். நடுவில் எங்காவது நின்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அடுத்து, பிஸ்டனுக்கு மேலே தெரியும் சிலிண்டர்ச் சுவரில் உள்ள துருவைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பலர் இதை மறந்து, இளகிய பிஸ்டனை மேலே ஏற்றும்போது அந்தத் துருமேட்டிலேயே மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். மென்மையான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றுவாக்கில் தேய்த்து, வரும் தூளை ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்தெடுங்கள்.

வெப்பம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பிஸ்டனின் தலையில் நெருப்பைக் காட்டினால் இளகும் என்று நினைக்கிறார்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். கே301 சிலிண்டரின் விட்டம் 3.375 அங்குலம், அதாவது சுமார் 85.7 மில்லிமீட்டர். இரண்டும் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.2 மி.மீ. விரியும்போது சிலிண்டர் 0.1 மி.மீ. அளவுக்கே விரியும். பிஸ்டனைச் சூடாக்குவது ஆப்பு இறுக்குவதற்குச் சமம். சூடு காட்டுவதென்றால் சிலிண்டரின் வெளிப்புறத்துக் குளிர்விக்கும் பட்டைகள் மேல் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் காட்டி, பிறகு ஆறவிடுங்கள். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது துருவில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, எண்ணெய் அதற்குள் இறங்கும்.

ஊறவைக்கும் கலவை பற்றியும் கேட்பீர்கள். ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் மருந்து. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒட்டி நிற்காது. ஊற்றும்போதெல்லாம் குலுக்க வேண்டும், திறந்த சிலிண்டரில் அசிட்டோன் சில மணி நேரத்தில் ஆவியாகி எண்ணெய் மட்டும் மிஞ்சும். அந்த ஆவி குளிர்காலத்திலும் தீப்பற்றக்கூடியது. கொட்டகைக்குள் வெப்பத் துப்பாக்கியும் அசிட்டோனும் ஒரே நாளில் புழங்கக் கூடாது. நான் டீசலையும் டிரான்ஸ்மிஷன் எண்ணெயையும் கலந்துதான் வைப்பேன். இரண்டு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.


மேப்பிள்நிழல் (மிச்சிகன்):

இருவருக்கும் மிக்க நன்றி. பெல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தேன். ஆட்டம் சிறிதும் இல்லை. எண்ணெய்க் குச்சியில் அளவு கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. அடிப்போல்ட்டைத் திறந்தவுடன் முதலில் ஒரு குவளைக்குமேல் தெளிந்த தண்ணீரும், அதன் பின்னால் பால் விட்ட காப்பியின் நிறத்தில் எண்ணெயும் வந்தன.

ஹெட் போல்ட்டுகள் அனைத்தும் முறியாமல் வந்துவிட்டன. உள்ளே புகை வால்வு நன்றாகத் தூக்கி நிற்கிறது, நீங்கள் சொன்னபடியே. பிஸ்டன் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இருக்கிறது. அதன் மேல் உள்ள சுவரில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகத் துரு. அதைத் தேய்த்தெடுத்துவிட்டு, டீசல் கலவையை அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி ஐந்து நாட்களாக வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் மட்டம் குறையவே இல்லை. நேற்றிலிருந்து நாளுக்கு ஒரு நூல் அளவு குறைகிறது. இப்போது எதன் மேல் எவ்வளவு வலு கொடுக்கலாம்?


கிரீஸ்கை (டெக்சஸ்):

நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை இப்படி எடுத்தேன்: பிளக் துளையில் ஒரு கிரீஸ் நிப்பிளைப் பொருத்திக் கிரீஸ் துப்பாக்கியால் அழுத்தினால், பிஸ்டன் தானாகக் கீழே இறங்கிவிடும். சுத்தியல் தேவையில்லை. ஹெட்டைத் திரும்ப மாட்டிவிட்டுச் செய்துபாருங்களேன்.


பழைய இரும்பு (ஒன்டாரியோ):

நல்ல உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். இவருடைய எஞ்சினில் ஒன்று திறந்து நிற்பதால், அழுத்துகிற கிரீஸ் முழுவதும் சைலன்சருக்குத்தான் போகும். பிஸ்டன் இறங்குவதற்கு முன் இரண்டு டப்பா தீர்ந்துவிடும்.

தம்பி, மட்டம் குறையத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. எண்ணெய் ரிங்குகளைக் கடந்து போகிறது. இப்போது திருப்பிப் பார்க்கலாம், ஆனால் ஃப்ளைவீல் பக்கத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு அல்ல. இறுக்கும் திசையில் வலிந்தால் அதன் மரை போகும், எதிர்த்திசையில் வலிந்தால் நட்டுதான் கழலும், ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டையும் வெட்டுப்படலாம். ஃப்ளைவீலின் விசிறி இதழ்களுக்கிடையே கடப்பாரையைச் செருகினால் இதழ் ஒடிந்து கையோடு வந்துவிடும். மறுபக்கத்துக் கப்பியின் முகத்தில் போல்ட் துளைகள் இருந்தால், இரண்டடி நீள இரும்புப் பட்டையை அதில் முடுக்கி நெம்புகோலாக்குங்கள். துளை இல்லையென்றால் பழைய பெல்ட்டைக் கப்பியைச் சுற்றி முறுக்கி இழுத்தாலும் போதும்.

ஃப்ளைவீலிலும் அதை மூடிய தகட்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரே நேரில் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், ஒரு கை வலுவுக்கு மேல் வேண்டாம். ஒருவர் நெம்பைப் பிடித்திருக்கும்போது, மற்றொருவர் சிலிண்டருக்குச் சற்றே சிறிய விட்டமுள்ள கெட்டி மரக்கட்டையைப் பிஸ்டனின் மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டலாம். அதிர்வு கொடுத்தால் போதும், பிஸ்டனைக் கீழே இறக்குகிற எண்ணத்தோடு தட்டக் கூடாது. பிஸ்டன் கீழே இறங்கும் திசை எது என்று முன்பே தெரிந்துகொண்டு, முதல் அசைவை அந்தத் திசையில் தேடுங்கள்.

ஒரு மயிரிழை அசைந்தாலும் உடனே சுற்றிவிட ஆசைப்படாதீர்கள். அசைந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி செல்லுங்கள். இரண்டு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால், நான்கு போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினைச் சட்டகத்திலிருந்து இறக்கி, அடித்தட்டைத் திறந்து ராடின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு பிஸ்டனைக் கீழிருந்து மேலே தள்ளலாம். அது கடைசி வழி.


மேப்பிள்நிழல் (மிச்சிகன்):

பதினோராம் நாள் மாலை. மனைவி நெம்பைப் பிடித்திருந்தார், நான் பழைய மட்டைப்பந்து மட்டையிலிருந்து அறுத்த மரத்துண்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். “கோடு விலகிவிட்டது” என்று அவர்தான் முதலில் சொன்னார். பார்த்தால் ஒரு பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்குத்தான் விலகியிருந்தது. நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் அப்போதே முழு வலுவையும் கொடுத்திருப்பேன். முன்னும் பின்னுமாக ஒன்றரை மணி நேரம் செய்த பிறகு ஒரு முழுச் சுற்று வந்தது. எண்ணெய் ஒவ்வொரு முறையும் கறுப்புச் சேறாக மேலேறியது.

இப்போது இரண்டு சிக்கல்கள். எஞ்சின் சுற்றும்போதும் புகை வால்வு தூக்கியபடியே நிற்கிறது. சிலிண்டர்ச் சுவரில் ரிங்குகள் உட்கார்ந்திருந்த இடத்தில் விரல்நகம் தட்டுப்படும் பள்ளம் இருக்கிறது. இப்படியே மூடி ஓட்டிப் பார்க்கலாமா?


லேத்_பட்டறை (கோயம்புத்தூர்):

வாழ்த்துகள். ஆனால் ஓட்ட வேண்டாம், இன்னும் இல்லை.

வால்வு எளிது. பக்கவாட்டு வால்வு எஞ்சினில் தூக்கி நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதாது, ஆகவே எதுவும் வளைந்திருக்காது. பக்கத்தில் உள்ள வால்வு அறை மூடியைத் திறந்து, தண்டில் எண்ணெய் விட்டு, தலையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டே மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பிரிங் தானே இழுத்து உட்காரவைக்கும்வரை செய்யுங்கள். உட்காரும் விளிம்பில் துரு இருந்தால் அரைக்கும் பசையால் தேய்த்துப் பொருத்த வேண்டும்.

பள்ளம்தான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். எஞ்சினை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, அடி என மூன்று இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் குறைவாகவும், ஹோனிங் செய்ததும் (உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்கியதும்) பள்ளம் நகத்துக்குத் தட்டாமலும் போய்விட்டால், புது ரிங்குகள் போதும். தட்டினால் போரிங் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) பெரிய அளவுப் பிஸ்டன் போடுவதே சரி; 0.010, 0.020, 0.030 அங்குலம் கூடுதலான பிஸ்டன்கள் கிடைக்கும். பனி தள்ளும் வேலைக்கு என்கிறீர்கள், அது எஞ்சினுக்குக் கடுமையான சுமை. அரைகுறை ரிங்கோடு ஓட்டினால் எண்ணெயைக் குடிக்கும். எண்ணெய் குறைந்தால் இந்த எஞ்சின் மன்னிக்காது. ஏனென்றால் இதற்கு எண்ணெய் பம்பு கிடையாது. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி சுழலும்போது வாரியடிக்கும் எண்ணெய்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கிறது.

அதனால்தான் கூட்டும்போது சிலிண்டர், ராட் பேரிங், வால்வுகளைத் தூக்கும் கேம் எல்லாவற்றிலும் கையாலேயே எண்ணெய் பூசிவிட வேண்டும். டீசல் கலந்த எண்ணெயைத் துளியும் விடாமல் வடித்துவிட்டு, எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் ஊற்றுங்கள். பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை) இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.035.

இன்னொரு செய்தி, பிறகு குழம்பாமல் இருக்க: பல கே வரிசை எஞ்சின்களில், தொடக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, மெதுவாகச் சுற்றும்போது புகை வால்வைச் சற்றே தூக்கிப்பிடிக்கும் அமைப்பு கேமில் உண்டு. வழக்கம்போல் கேஜ் வைத்து அழுத்தம் பார்த்தால் குறைவாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும். ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் சுற்றிப் பாருங்கள். நன்றாக எதிர்த்துத் தள்ளினால் அழுத்தம் இருக்கிறது.


மேப்பிள்நிழல் (மிச்சிகன்):

தாமதத்துக்கு மன்னிக்கவும். அளந்து பார்த்ததில் மேலுக்கும் அடிக்கும் 0.002 அங்குலம்தான் வேறுபாடு. ஆனால் ஹோனிங் செய்த பிறகும் பள்ளம் நகத்தில் தட்டியது. எனவே 0.010 கூடுதல் பிஸ்டனுக்குப் போரிங் செய்துவிட்டேன். வால்வு மூன்று நாள் எண்ணெயில் இறங்கிவந்தது. எதிர்த்திசையில் சுற்றினால் ஃப்ளைவீல் கையைத் திருப்பித் தள்ளுகிறது.

சனிக்கிழமை நான்காவது முயற்சியில் பற்றிக்கொண்டது. பூசிய எண்ணெய் எரிந்து முதல் பத்து நிமிடம் கொட்டகையே தெரியாத அளவுக்கு வெண்புகை, பிறகு தெளிந்துவிட்டது. ஐந்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மாற்றினேன், அளவு குறையவில்லை. ஹெட் போல்ட்டுகளையும் ஆறிய பிறகு ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். கூரையை வசந்த காலத்தில்தான் சரிசெய்ய முடியும். அதுவரை ஒவ்வொரு முறை நிறுத்திய பிறகும், இரண்டு வால்வுகளும் மூடி, எதிர்ப்பு தெரியும் இடம்வரை ஃப்ளைவீலைக் கையால் திருப்பி வைத்துவிட்டு, சைலன்சரின் வாய் ஆறியதும் ஒரு காலித் தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கிறேன்.